இங்கே கிடைக்காது

அக்டோபர் 7, செவ்வாய்

இவருடைய கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. இத்தனை மாதமாக அயர்ன் பெட்டிக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்தேன். பகல் முழுக்க இந்த அரபு ஊரில் நான் பேசுவது மிக்ஸியோடும் வாஷிங் மெஷினோடும்தான். அவையும் கத்துகின்றனவே தவிர காது கொடுப்பதில்லை.

வீட்டில் ஒரே பேச்சு பார்சல். அருப்புக்கோட்டையிலிருந்து அத்தை, அதாவது இவருடைய அம்மா, தீபாவளிக்கு அனுப்பியது. முறுக்கு, அதிரசம், இட்லிப் பொடி, குருமாவுக்கு வேண்டிய சாமான். அது எங்கே வந்திருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டேதான் இவர் ஷூ மாட்டினார். கல்யாணமாகி நான் முதன்முதலாக விமானத்தில் வந்து இறங்கிய அன்றுகூட இத்தனை தடவை பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

எல்லாம் ஒரு குருமாவால் வந்தது. போன மாதம் சப்பாத்திக்கு வைத்தேன். இவர் சாப்பிட்ட கையோடு அத்தைக்கு வீடியோ கால் போட்டு, சட்டியைச் சாய்த்துக் காட்டி, "பாரும்மா, உன் மருமக வச்ச குருமா. முகம் பாத்துத் தல சீவலாம்" என்றார். அத்தை சிரிக்கவில்லை, அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். "என்னென்ன போட்டு அரைச்சத்தா?" என்று நிதானமாகக் கேட்டார். சொன்னேன். ஒரு சாமான் பெயரைச் சொல்லி, அது போட்டியா என்றார். அது இங்கே கிடைக்காது அத்தை, அதான் கெட்டிப்படவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கப்புறம் இவர் வாயைத் திறக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

இன்று எலுமிச்சை சாதம். "நல்லாத்தான் இருக்கு" என்றார். நல்லா இருக்கு என்று சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடும். அந்தத் 'தான்' இல்லாமல் ஒரு நாள் சொல்லட்டும், சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

பார்சல் வந்துவிட்டது, தபால் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள் என்று மெசேஜ் வந்ததாம். மதியம் போன் செய்தார். "சாயங்காலம் முறுக்கோட வர்றேன். டீய மட்டும் போட்டு வையி."

போட்டேன். ஆறிப்போய் மறுபடியும் போட்டேன். போன் அணைந்திருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் அழைப்பு மணி. ஓடிப்போய்த் திறந்தால் மொய்தீன் குட்டி நிற்கிறார். இவருடைய கம்பெனியில் விசா, லைசென்ஸ் என்று அரசாங்க ஆபீசுகளுக்கு அலைகிறவர். பி.ஆர்.ஓ. என்பார்கள். மலப்புரத்துக்காரர், நன்றாகவே தமிழ் பேசுவார். உள்ளே வரச் சொன்னேன். இவர் இல்லாத வீட்டுக்குள் வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார்.

"சிஸ்டர், தங்கமாரி போலீஸ்ல இருக்கான். அடி ஒண்ணும் இல்ல, சாப்பாடு குடுக்கறாங்க. பார்சல கஸ்டம்ஸ் பிடிச்சாச்சு."

முறுக்கைப் பிடிப்பார்களா என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்க வந்தது.

"முறுக்கு இல்ல. கசகசா. தனியா ஒரு பொட்டலம், நல்ல கனம். இங்க அது அபின் கணக்கு சிஸ்டர். செடி அதுதானே. யார் பேர்ல வருதோ, யார் வாங்க வர்றானோ, அவனைத்தான் பிடிப்பாங்க."

அருப்புக்கோட்டையில் எந்த மளிகைக் கடையிலும் சோம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சாமான். சின்னப் பிள்ளைகள் போய் வாங்கிக்கொண்டு வரும். அதற்குக் கைவிலங்கா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. இது யாராவது கேட்டு வந்ததா, கேட்காம வந்ததா? கேஸே இந்தக் கேள்வியிலதான் நிக்குது."

"யாரும் கேக்கல" என்றேன்.

கேட்கவில்லைதான். அது உண்மை.

அவர் போன பிறகு கதவைப் பூட்டினேன். பூட்டிவிட்டோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். என் விசா இவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர் உள்ளே என்றால் நான் வெளியே என்று அர்த்தமில்லை.

அக்டோபர் 11, சனி

அடுப்படியில் உள்ள டப்பாக்களை எல்லாம் தரையில் இறக்கினேன். போலீஸ் வீட்டுக்கு வந்தாலும் வரும் என்று மொய்தீன் குட்டி சொல்லியிருந்தார். கரம் மசாலாவைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டேன். கசகசா என்று நினைத்துவிடக் கூடாதென்று சப்ஜா விதையைக் கொட்டினேன். கேழ்வரகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதையும் கொட்டினேன். எல்லா டப்பாவையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். கடுகை மட்டும் விட்டுவைத்தேன். கடுகு இல்லாமல் எப்படித் தாளிப்பது.

வேலை செய்யச் செய்ய ஆத்திரம் ஏறிக்கொண்டே வந்தது. வெளிநாட்டுக்கு ஒரு சாமான் அனுப்பும்போது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பக்கூடாதா அந்தம்மா? வயசு ஆனால் மட்டும் போதுமா? மகன் வாழ்க்கை என்ன ஆவது?

சாயங்காலம் அந்தம்மாவே வீடியோவில் கூப்பிட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு எடுத்தேன்.

"ஏத்தா, பார்சல் வந்துருச்சா?"

வரவில்லை என்றால் ரசீதை எடுத்துக்கொண்டு தபாலாபீசில் போய் உட்கார்ந்துவிடுவார். கவுண்டரில் இருப்பவர் பதில் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார். ஆகவே, "வந்துருச்சு அத்தை" என்றேன்.

"உடையாம வந்துச்சா? அவன எங்க?"

"அவருக்கு ஷட்டவுன் வேலை. பிளாண்ட மொத்தமா நிப்பாட்டிட்டுச் சுத்தம் பண்றாங்க. உள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்க. வர்றதும் போறதும் எனக்கே தெரிய மாட்டேங்குது."

இத்தனை சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. "எம்பிள்ளைக்குத் தண்ணி நெறையக் குடு ஆத்தா" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அக்டோபர் 13, திங்கள்

இவர் பேசினார். பின்னால் யார் யாரோ பேசும் சத்தம்.

"ஈஸ்வரி, அம்மாவுக்குச் சொல்லிராத. அப்பா செத்த சேதியவே போன்லதான் கேட்டுச்சு, கேட்ட எடத்துலயே விழுந்துருச்சு. பிரஷர்காரி. நான் வெளிய வர்றவரைக்கும் சமாளி."

"சரி" என்றேன்.

"அம்மா எதுக்கு அதப் போட்டுச்சுன்னுதான் புரியல. இதுக்கு முன்னாடி ரெண்டு பார்சல் அனுப்புச்சு, கசகசா வெச்சதே இல்லையே."

எனக்கும் புரியவில்லை என்றேன். லைன் துண்டாகிவிட்டது.

குரலில் கோபம் இல்லை. பயம்கூட இல்லை. களைப்பாக இருந்தது. அழுதேன். பிறகு துணி துவைத்தேன். இவருடைய சட்டை ஒன்று கூடையில் இருந்தது, அதைத் துவைக்காமல் எடுத்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மொய்தீன் குட்டி வந்தார். வாசற்படிதான். ஒரு வழி இருக்கிறதாம். பார்சல் அனுப்பியவர் ஊரில் ஒரு நோட்டரி வக்கீல் முன்னால், இது இங்கே தடை என்று எனக்குத் தெரியாது, நானாக அனுப்பினேன், மகனுக்கு இது தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இவர் போனில் கசகசா என்ற பேச்சே இல்லை என்பதையும் போலீசார் பார்த்துவிட்டார்கள். இந்தக் காகிதமும் சேர்ந்தால் விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது.

"அம்மாகிட்ட இன்னைக்கே பேசுங்க சிஸ்டர்."

"அவங்களுக்கு உடம்பு சரியில்ல. கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்."

"பொறுக்கறது உள்ள இருக்கறவன்" என்றார். அப்புறம் அவருக்கே ஒரு மாதிரி ஆகி, வாங்கி வந்திருந்த ரொட்டியையும் பாலையும் வாசலில் வைத்தார். போகும்போது திரும்பி, "ஒண்ணு மட்டும். இதே மாதிரி இன்னொரு பார்சல் வந்துடக் கூடாது. ஒரு தடவைன்னா தெரியாத தப்பு. ரெண்டாவதுன்னா அது வேற கேஸ். அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

இன்னொன்று எப்படி வரும்?

இவர்தான் சொல்லாதே என்றார். இவர் சொல்லைத்தான் கேட்கிறேன். இதில் என் பிழை ஒன்றும் இல்லை.

அக்டோபர் 15, புதன்

அத்தை கூப்பிட்டார். குருமா வைத்தாயா என்றார். வைத்தேன் என்றேன். எப்படி இருந்தது என்றார். இன்று வெறும் ரொட்டியை டீயில் முக்கித் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். "கரண்டில எடுத்தா விழ மாட்டேங்குது அத்தை, அவ்வளவு கெட்டி. அவரு நாலு தோசை சாப்பிட்டாரு" என்றேன்.

வாயைப் பொத்துவதற்குள் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. இரண்டு வருடமாக எனக்கு அது தெரியாது.

அக்டோபர் 17, வெள்ளி

எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் ஜன்னல் முழுக்க வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் ஓடுகின்றன. எல்லா வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். கீழே போய்த் தயிர் வாங்கலாம் என்று கிளம்பி, லிஃப்ட்வரை போய்த் திரும்பிவிட்டேன். யாராவது "ஹஸ்பெண்ட் எங்கே" என்று கேட்டால்?

அக்டோபர் 19, ஞாயிறு

அத்தை கூப்பிட்டபோதே முகத்தில் ஒரு பூரிப்பு.

"நாலு தோசைன்னு சொன்னியா, எனக்கு ஒறக்கமே வரல. நேத்து இன்னொரு பார்சல் போட்டுட்டேன். பய வேல வேலன்னு அலையிறான், நல்லது பொல்லது திங்கட்டும். மசாலாவோட கசகசாவும் இந்தத் தடவ ரெண்டு பங்கா வச்சிருக்கேன். நீ ஒண்ணும் மிச்சம் பிடிக்காம தாராளமா ஊத்து."

"எதுக்கு அத்தை" என்று மட்டும் கேட்டேன்.

"எதுக்கா? அங்கதான் கெடைக்காதே" என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. ஊரில் எல்லோரும் வெடித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே ஏசி சத்தம்.

மத்தியானம்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அத்தை விழுந்துவிடுவார். சொல்லாவிட்டால் அந்தப் பார்சல் கிளம்பி வந்து இவர் பெயரில் நிற்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். யோசிக்க இன்னொன்று இருந்தது. அது என்னவென்று அத்தை நேற்றே சொல்லிவிட்டார். இன்று நான் வாயைத் திறந்தால் அவர் அடுத்துக் கேட்கப்போவதும் அதைத்தான்.

கூப்பிட்டேன்.

"அத்தை, கட்டில்ல உக்காருங்க. பக்கத்துல தண்ணி வச்சுக்கங்க."

"உக்காந்துட்டேன். சொல்லு. பிள்ள உசுரோட இருக்கானா?"

"இருக்காரு."

"அப்ப எதுனாலும் சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். தபால் ஆபீஸ், போலீஸ், ஷட்டவுன் பொய், தின்னாத குருமா. அத்தை விழவில்லை. புதுச் சேலை கட்டியிருந்தார். அதன் முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பின்னால் யார் வீட்டிலோ சரவெடி ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"நீ கெடைக்காதுன்னுதானத்தா சொன்ன. கூடாதுன்னு சொல்லலையே."

போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒனக்கும் தெரியாதாக்கும்" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அல்லது நம்பியதுபோல் இருந்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, வையி. நாளைக்கு ஆபீசு தொறக்கவும் போறேன்" என்றார்.

எனக்குத் தெரியும். இங்கே வந்த முதல் மாதமே தெரியும். கடையில் கசகசா இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த நம் ஊர்க்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அக்கா, அந்தப் பேரவே சொல்லாதீங்க, இங்க அதுக்கு ஜெயில்" என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன். அன்று அத்தை கேட்டபோது அது ஞாபகம் இருந்தது. அதை முழுக்கச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கிடைக்காது என்று சொன்னால் பேச்சு முடிந்தது, குருமா தண்ணியாகப் போனதற்கும் காரணம் ஆயிற்று. எனக்கு அப்போது வேண்டியிருந்தது அவ்வளவுதான். எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்கிறார்கள். குறையவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

சனிக்கிழமை சாயங்காலமே பார்சல் சென்னைக்குக் கிளம்பிவிட்டதாம். திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்தாலும் அது போய்ச் சேருவதற்குள் விமானம் ஏறிவிடலாம் என்று தபாலாபீசில் சொன்னார்களாம். அத்தை விருதுநகரில் ரயில் ஏறிவிட்டார். தனியாக. சென்னைக்கு அவர் இதுவரை போனதே இல்லை. "ரசீது இருக்கு, வாய் இருக்கு. அப்புறமென்ன?" என்றார். ரிசர்வேஷன் இல்லாத பெட்டி. தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பும் கூட்டத்தில் நின்றுகொண்டே பேசினார்.

பிரஷர் மாத்திரை எடுத்தீங்களா என்று கேட்டேன். "அத மறப்பனா" என்றார். மறந்துவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

அக்டோபர் 22, புதன்

வேலை ஒன்றும் ஓடவில்லை. கழுவிக் கவிழ்த்த டப்பாக்களையே மறுபடி கழுவினேன்.

நாலு மணிக்கு அத்தை. பின்னால் பஸ் ஹாரன்.

"கெடைச்சிருச்சு."

இரண்டு நாள் லீவில் சென்னைத் தபாலாபீசில் பார்சல்கள் மலையாகக் கிடந்தனவாம். பண்டிகை லீவு மட்டும் இல்லாவிட்டால் போயிருக்கும். அங்கே இருந்தவர் முதலில் விரட்டினாராம். அத்தை நகரவில்லை. "ஏன் திருப்பிக் கேக்குறீங்கன்னு கேட்டாரு. எம்மகன் பேர்ல தப்பான சாமான் வச்சிட்டேன்யா, நானே குடுத்து நானே அவன உள்ள வைக்கப் பாத்தேன்னேன். அந்தத் தம்பி எந்திரிச்சுப் போயி அவரே தேடி எடுத்தாரு."

போனை வைத்தபிறகு தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

அத்தை நோட்டரி வக்கீலிடம் எழுதிக் கொடுத்து, மொய்தீன் குட்டி சொன்ன அரசாங்க முத்திரைகளுக்கெல்லாம் ஆள் மூலம் அனுப்பிவிட்டார். இவர் சொல்லாதே என்றதை மட்டும் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை.

"வக்கீலு துருவித் துருவிக் கேட்டாரு. யாரு கேட்டு அனுப்புனீங்க, அங்க இருக்கவங்க ஏதாச்சும் சொன்னாங்களான்னு. யாரும் கேக்கல, யாரும் ஒண்ணும் சொல்லல, நானா அனுப்புனேன்னு சொல்லிட்டேன்."

"அத்தை…"

"நீயும் அதையே சொல்லு. அந்த ஊர்க்காரன் கேட்டாலும் சரி, எம்மகன் கேட்டாலும் சரி."

திட்டியிருக்கலாம். நாலு நாளாக அதற்குத்தான் காத்திருக்கிறேன். திட்டினால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லி, அழுது, ஒரு வழியாகத் தீர்ந்துபோயிருக்கும். திட்டவே இல்லை.

நவம்பர் 3, திங்கள்

காகிதம் போய்ச் சேர்ந்தது. பதில் இல்லை. தயிர் வாங்கக் கீழே போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வந்துவிட்டார்.

மொய்தீன் குட்டி கூட்டிக்கொண்டு வந்தார். இன்றுதான் முதல்முறையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். வழக்கு முடிந்ததாகச் சொல்லிவிட்டார்கள், பாஸ்போர்ட் மட்டும் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது, அது வரும்வரை கம்பெனிக்கும் வர வேண்டாம், ஊருக்கும் போக முடியாது என்றார். ஆக இனி பூட்டிய வீட்டுக்குள் இரண்டு பேர்.

இவர் வெகு நேரம் குளித்தார். தாடி வைத்த முகத்தில் கண் மட்டும் இவருடையது. ரசமும் அப்பளமும் வைத்தேன். தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு" என்றார்.

தான் இல்லை. எனக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கத் தோன்றவில்லை.

நவம்பர் 15, சனி

அத்தையின் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். திரையில் அம்மா என்று வரும்போதெல்லாம் கவிழ்த்து வைக்கிறார்.

"அவ்வளவு தூரம் போயி பார்சல மீட்டுட்டு வந்திருக்காங்க. ஒரு வார்த்தை பேசுங்க."

"ரெண்டாவது பார்சலயும் போட்டது யாரு? வெளிநாட்டுக்கு ஒரு சாமான் அனுப்பும்போது ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பக்கூடாதா? உள்ள என் பக்கத்துல படுத்துக் கெடந்தவன் எல்லாம் யாருன்னு ஒனக்குத் தெரியுமா? எம் பொழப்பே போச்சு. இனிமே அது மூஞ்சில முழிக்க மாட்டேன்."

முன்பக்கங்களைப் புரட்டினேன். போன மாதம் பதினொன்றாம் தேதி நானும் இதையேதான் எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய இதே வார்த்தைகள்.

நவம்பர் 16, ஞாயிறு

இவர் தூங்கும்போது அத்தை என்னைக் கூப்பிட்டார். "பேசலேன்னாப் பரவால்ல. கோவம் ஆறட்டும். நீ எதையாச்சும் ஒளறி வைக்காத. எம்மேல கோவப்பட்டா எங்க போயிருவான், பெத்தவளாச்சே. ஒன்னோட அவன் காலம்பூரா குடித்தனம் பண்ணணும்" என்றார்.

நான் தப்பிப் போக அத்தையே கதவைத் திறந்துவிட்டார். நான் வாய் மூடி இருந்தால் போதும், எல்லாம் என்னைத் தொடாமல் போய்விடும். இந்த ஒரு மாதமாக என் கதவு பூட்டியிருந்தபோதுகூட எனக்கு இத்தனை மூச்சு முட்டவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மதியம் சப்பாத்தி. இவர் இரண்டாவதைப் பிய்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அம்மா. கவிழ்த்து வைத்தார்.

"கசகசா இங்க கெடைக்காதுன்னு அத்தைகிட்ட சொன்னது நான்" என்றேன்.

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அன்னைக்கு நீங்க சட்டியச் சாச்சுக் காட்டுனப்ப. தடைன்னு எனக்கு அப்பவே தெரியும். அதச் சொல்லல. கெடைக்காதுன்னு சொன்னதுனாலதான் அவங்க அனுப்பிவிட்டாங்க. பார்சல் வந்துச்சு, நாலு தோசை சாப்பிட்டீங்கன்னு நான் பொய் சொன்னதுனாலதான் ரெண்டாவதும் போட்டாங்க. வக்கீல்கிட்ட அவங்க என்னய விட்டுக்குடுக்கல. ஒங்ககிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத மாட்டேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். நிறைய நேரம் கழுவினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்த் திறந்தார். ஏசி பெட்டிகளின் அனல் காற்று உள்ளே வந்தது.

"அம்மா" என்றார். அதற்கப்புறம் அவரால் பேச முடியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அத்தைதான் பேசிக்கொண்டே இருந்தார், என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. நான் தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வெகு நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே போனை நீட்டினார். "ஒங்கிட்டப் பேசணுமாம்." அவர் என்னிடம் சொன்னது இன்று அவ்வளவுதான். இதை எழுதுகிற இந்த நேரம்வரை வேறு ஒரு வார்த்தை இல்லை. பாஸ்போர்ட்டும் வரவில்லை.

போனை வாங்கினேன். "அத்தை" என்றேன்.

"சொல்லிட்டியாக்கும்" என்றார். "சரி விடு. கசகசா இல்லேன்னா என்னத்தா, கொஞ்சம் முந்திரிய வெந்நியில ஊறப்போட்டு அரைச்சு ஊத்து. கெட்டிப்படும். அன்னைக்கே என்ன செய்யன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

இவர் தள்ளி வைத்த தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"முந்திரி அங்க கெடைக்கும்ல?" என்றார்.

"கெடைக்கும் அத்தை" என்றேன்.